தராசில் ஏறுவது சதையா, தண்ணீரா? டயாலிசிஸில் இருப்பவர் இழந்த எடையை மீட்பது

சிறுநீரகம் பழுதானவரின் ரத்தத்தை மெஷினால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் யூனிட்டின் வாசலிலேயே எடை பார்க்கும் மெஷின் இருக்கும். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை. வாரம் மூன்று நாள் போகிறவர் ஒரு வருடத்தில் முந்நூறு தடவைக்கு மேல் அதில் ஏறி இறங்குகிறார். அப்படியும் அவர் இளைத்துப்போவது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. மெஷினில் எண் மாறாமலே உடம்பு கரைய முடியும். இதைப் புரிந்துகொண்டால்தான் இழந்த எடையை மீட்கும் வேலையையே தொடங்க முடியும்.

யூனிட்டில் எல்லோரும் ட்ரை வெயிட் என்று சொல்வது, உடம்பில் கூடுதல் தண்ணீர் தங்காமல் இருக்கும்போது இருக்க வேண்டிய எடையை. சிறுநீர் போவது குறைந்துவிட்டவருக்குக் குடிப்பதும் சாப்பாட்டில் வருவதும் உள்ளேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ கூடும். சார்ட்டில் ட்ரை வெயிட் 58 கிலோ என்று இருக்கிறது, இன்று 60.5 கிலோவில் வந்திருக்கிறார் என்றால், இரண்டரை லிட்டர் எடுக்கும்படி டெக்னீஷியன் டயாலிசிஸ் மெஷினில் போடுவார். நான்கு மணி நேரம் கழித்து 58-இல் இறங்கிப் போவார்.

இப்போது அந்த 58-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடையில் ஒரு காய்ச்சல் வந்தது, பிறகு வாய்க்கசப்பு, அதன் பின் பசியே இல்லை. மூன்று மாதத்தில் தொடையிலும் தோளிலும் இருந்த சதை 3 கிலோ கரைந்துவிட்டது. சார்ட்டில் மட்டும் 58 அப்படியே இருக்கிறது. டயாலிசிஸ் மெஷினும் 58 வரைக்கும்தான் தண்ணீரை எடுக்கிறது. சதை இருந்த இடத்தில் 3 லிட்டர் தண்ணீர் உட்கார்ந்துவிட்டது. ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறார். பிபி அடங்கவில்லை என்று மாத்திரை ஒன்று இரண்டாகிறது. ஆனால் மாற்ற வேண்டியிருந்தது சார்ட்டில் இருக்கும் எண்ணை. அவருடைய உண்மையான ட்ரை வெயிட் இப்போது 55. அதைக் கண்டுபிடித்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பிறகு சாப்பாட்டால் மறுபடி ஏற்ற வேண்டும்.

எடை மெஷின் காட்டாததைக் கண்ணும் கையும் காட்டும். மோதிரம் கழன்று விழுகிறது. வாட்ச் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. ரவிக்கையின் கை தொளதொளவென்று ஆடுகிறது. நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுகிறது, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு துருத்துகிறது. முகம் மட்டும் காலையில் உப்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கார்" என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டில் ஒரு டெய்லர் டேப் இருந்தால் போதும். ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையை முழங்கையில் மடக்கச் சொல்லி, தோள் எலும்பின் வெளிமுனையிலிருந்து முழங்கை முனை வரைக்கும் அளந்து, சரி பாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றுங்கள். தோலை அழுத்தக் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, டயாலிசிஸ் முடிந்து வந்த பிறகு, முடிந்தவரை ஒரே ஆள் அளக்க வேண்டும். கிலோவில் எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டு மாதம் தொடர்ந்து கைச்சுற்று குறைந்துகொண்டே வந்தால், போவது சதைதான் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதோடு ஒரு நாற்காலிச் சோதனையும் செய்யலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அந்த நொடிகளையும் கைச்சுற்றுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கிரியாட்டினின் இறங்கினால் உடனே மகிழ வேண்டாம்

டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 9-இலிருந்து 6-க்கு வந்திருந்தால் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். சிறுநீரகம் திரும்ப வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் கிரியாட்டினின் உண்டாவதே தசையிலிருந்துதான். சிறுநீர் முன்பைவிடக் கூடுதலாகப் போகவில்லை, டயாலிசிஸ் நேரமும் கூட்டப்படவில்லை, ஆனால் கிரியாட்டினின் மட்டும் மாதாமாதம் இறங்குகிறது என்றால், அதை உண்டாக்கும் தசை குறைகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலே யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து இறங்கினாலும் அப்படித்தான். ரிப்போர்ட் அழகாக இருக்கும், ஆள் சாப்பிடவே இல்லை என்பது அதற்குள் ஒளிந்திருக்கும்.

சிறுநீரக நோயில் இப்படிச் சதையும் சக்தியும் சேர்ந்து கரைவதற்கென்றே ஒரு வரையறையை 2008-இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று வகுத்தது. முயற்சி எதுவும் இல்லாமல் 3 மாதத்தில் 5 சதவீதம், அல்லது 6 மாதத்தில் 10 சதவீதம் எடை குறைவது அதில் ஒரு அடையாளம். 58 கிலோக்காரருக்கு 3 மாதத்தில் 2.9 கிலோ. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.8-க்குக் கீழே இருப்பது இன்னொன்று. ஆனால் அல்புமினை மட்டும் நம்பக் கூடாது. உடம்பில் எங்காவது கிருமித் தொற்று இருந்தாலும், தண்ணீர் தேங்கி ரத்தம் நீர்த்திருந்தாலும் அது இறங்கும். முட்டை வெள்ளைக்கருவை எத்தனை சாப்பிட்டாலும் அல்புமின் ஏறவில்லையென்றால், குறை சாப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம், தொற்றையும் தேட வேண்டும்.

எதனால் இளைக்கிறார்கள்

பழைய பத்தியம் தொடர்வதுதான், என் கணிப்பில், தமிழ்க் குடும்பங்களில் முதல் காரணம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு, சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் ஓரங்கட்டப்பட்டு வீட்டில் அது வேதவாக்காகியிருக்கும். டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்த்து புரதத்தின் கூறான அமினோ அமிலத்தையும் 6 முதல் 12 கிராம் வடித்துக்கொண்டு போகிறது. "இனிமேல் நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்ட வாரம், யார் காதிலும் எதுவும் ஏறாத வாரம். சமையலறையில் பழைய சீட்டு ஒட்டியபடியே இருக்கும். அதை இன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி வாங்குங்கள்.

டயாலிசிஸ் நாளே ஒரு காரணம். காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் ஒரு டம்ளர் காபியோடு கிளம்புவார். முடிந்து வீடு திரும்ப மதியமாகிவிடும். அசதியில் படுத்துவிடுவார். எழும்போது மாலை நான்கு. வாரத்தில் மூன்று நாள் இரண்டு வேளைச் சாப்பாடு இப்படியே போகிறது. மிச்ச நான்கு நாள் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அதற்கப்புறம் மருத்துவர் தேட வேண்டிய காரணங்கள். டயாலிசிஸ் போதவில்லையென்றால் கழிவு தங்கி, குமட்டலும் வாயில் உலோக ருசியும் வரும். வாரம் மூன்று முறை எடுப்பவருக்கு, டயாலிசிஸ் போதுமா என்று காட்டும் கேடி-வி என்ற அளவு 1.2-க்குக் குறையக் கூடாது, இலக்கு 1.4. வாரம் இரண்டு முறைதான் எடுக்கிறார் என்றால் பசி குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரத்தத்தின் அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட் 22-க்குக் கீழே இருந்தால் ரத்தத்தில் அமிலம் கூடி, தின்றதெல்லாம் போக இருக்கிற தசையும் கரையும். மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தண்ணீர்க் கட்டுப்பாடும், பாஸ்பரஸ் மாத்திரையும் (சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும் மாத்திரை), பழம் கீரை குறைந்ததும் சேர்ந்து அதைக் கொண்டுவரும். வயிறு கட்டியிருந்தால் பசி எடுக்காது. பல் ஈறில் சீழ், கழுத்துக் குழாயில் கிருமி, இவையும் பசியைக் கொல்லும்.

காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். பல சமயம் நுரையீரலை விட்டுவிட்டு, நெறிக்கட்டியிலோ நுரையீரலைச் சுற்றிய உறையிலோ வந்து உட்காரும். இருமல் இல்லாமலே இருக்கலாம். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இவ்வளவுதான் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சத்து மாவைத் தேடாதீர்கள், நேராகப் பரிசோதனைக்குப் போங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு ஆபத்து. இன்சுலினை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் போட்ட இன்சுலின் அதிக நேரம் வேலை செய்யும். பசியில்லாமல் பாதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பழைய அளவு ஊசியைப் போட்டால், நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். சாப்பாட்டு அளவு மாறும்போதெல்லாம் ஊசி அளவையும் கேட்டு மாற்ற வேண்டும்.

கஞ்சியை நிறுத்துங்கள்

உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி கொடுப்பது நம் வழக்கம். அன்போடுதான் கொடுக்கிறோம். ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு எடை ஏற்ற இதைவிட மோசமான உணவு இல்லை. ஒரு டம்ளர் கஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர், சக்தி சொற்பம். சிறுநீர் நாளுக்கு 300 மில்லி போகிறவருக்கு, அதோடு 500 மில்லி சேர்த்து மொத்தம் 800 மில்லிதான் பொதுவாக அனுமதி. காலையும் மாலையும் இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தால் அந்த அனுமதியில் பாதி போய்விடும். மிச்சத் தண்ணீரில்தான் அத்தனை மாத்திரையையும் விழுங்க வேண்டும்.

சத்துமாவுக் கஞ்சி இன்னும் சிக்கல். பயறு, கடலை, முந்திரி, தானியம் எல்லாம் சேர்த்து அரைத்ததில், பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியமும் பாஸ்பரஸும் குவிந்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இளநீர், பேரீச்சை, முருங்கைக்கீரை சூப், ஆட்டுக்கால் சூப் எல்லாமே இந்த வகைதான். ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். நட்சத்திரப் பழம் என்று கடைகளில் வருகிறதே, அதை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். அதில் இருக்கும் நஞ்சைச் சிறுநீரகம் பழுதானவரால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகும்.

தேவைப்படுவது தண்ணீர் குறைவாக, சக்தி கூடுதலாக உள்ள சாப்பாடு. இதற்கு நம் சமையலில் வழி நிறையவே இருக்கிறது. மூன்று இட்லிக்கு சாம்பார் ஊற்றாமல், உப்பில்லாமல் அரைத்த பொடி ஒரு டீஸ்பூனும் நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூனும் வைத்தால், எண்ணெயில் மட்டும் 90 கலோரி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தோசைக்குச் சுற்றி விடும் எண்ணெய், சோற்றில் பிசையும் எண்ணெய், பொரியலில் தாளிக்கும் எண்ணெய் என்று ஒரு நாளில் ஆறு டீஸ்பூன் கூடுதலாகப் பிரித்துச் சேர்த்தால் 270 கலோரி. எடை ஏற இதுவே நல்ல தொடக்கம். இதய நோயும் இருப்பவருக்கு நெய்யைவிட நல்லெண்ணெய், கடலை எண்ணெய். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு வெல்லமும் கருப்பட்டியும் வேண்டாம், வெள்ளைச் சர்க்கரை போதும். வெல்லத்தில் பொட்டாசியம் அதிகம். மற்ற எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை இங்கே திரும்பி நிற்கிறது, அதனால்தான் பக்கத்து வீட்டு யோசனைகள் ஆபத்தாகின்றன.

கணக்கு எளிது. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம், எடை ஏற வேண்டுமென்றால் 1,500 முதல் 1,750 கலோரி. காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு: சுமார் 13 கிராம் புரதம். மதியம் வடித்த சோறு 300 கிராம், 100 கிராம் மீன்: சுமார் 26. மாலையில் இரண்டு துண்டு ரொட்டி அல்லது அவல் உப்புமா: 3. இரவில் இரண்டு தோசை, மறுபடி இரண்டு வெள்ளைக்கரு: 13. மொத்தம் 55 வந்துவிட்டது. வெள்ளைக்கருவை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம் இருந்தும் பாஸ்பரஸ் மிகச் சொற்பம், அது பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. வெறும் வெள்ளைக்கரு மூன்றாம் நாளே வெறுத்துவிடும். மிளகும் கறிவேப்பிலையும் வெங்காயமும் போட்டு எண்ணெயில் பொடிமாஸாகக் கிளறினால் மாதக்கணக்கில் ஓடும்.

சைவக்காரர்களுக்குக் கஷ்டம் கூடுதல், ஆனால் முடியும். மீல் மேக்கர் 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். பனீர் 50 கிராமில் 9, பருப்பு 30 கிராமில் 7, கெட்டித் தயிர் ஒரு சின்னக் கிண்ணத்தில் 3. மிச்சம் இட்லி, தோசை, சோற்றிலிருந்து வரும். பருப்பும் பனீரும் கூடும்போது பாஸ்பரஸும் கூடும், அதனால் மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். பாஸ்பரஸ் மாத்திரை, அது கால்சியம் அசிடேட்டோ செவலமரோ, சாப்பாட்டோடு வயிற்றில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். காலையில் வெறும் வயிற்றில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால் பலன் இல்லை. சாப்பாட்டைக் கூட்டிய மாதத்தில் மாத்திரை எண்ணிக்கையையும் கூட்ட வேண்டியிருக்கலாம், கேளுங்கள். குளிர்பானம், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதுமாக ரத்தத்தில் ஏறிவிடும். பருப்பில் இருப்பது அப்படி இல்லை, பாதிக்கும் குறைவாகத்தான் ஏறும். ஆகவே வெட்ட வேண்டியதைக் கடைச் சாமானில் வெட்டுங்கள், புரதத்தில் வெட்டாதீர்கள்.

காய்கறியை வடித்துச் செய்வது பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊறவைப்பதில் அவ்வளவாகப் போகாது, கொதிக்க வைப்பதில்தான் பொட்டாசியம் வெளியே வரும். கால் கிலோ காயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் பத்து நிமிடம் விட்டு, சல்லடையில் ஒட்ட வடித்துவிட்டுப் பிறகு தாளியுங்கள். தண்ணீர் தாராளமாக இருப்பதும் துண்டு சின்னதாக இருப்பதும் முக்கியம். குக்கரில் அரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால் பொட்டாசியம் அங்கேயே இருக்கும். வடித்த தண்ணீரைக் கீழே ஊற்ற நம் வீடுகளில் மனசு வராது, சத்து போய்விடும் என்று ரசத்தில் சேர்த்துவிடுவார்கள். காயிலிருந்து வெளியே வந்த பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, தயங்காமல் கொட்டிவிடுங்கள். இதிலும் டயாலிசிஸிலும் போகும் வைட்டமின்களை ஈடுகட்டத்தான் டயாலிசிஸ் முடிந்ததும் போடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தருகிறார்கள்.

உப்பு ஏறினால் தாகம் ஏறும், தாகம் ஏறினால் தண்ணீர் ஏறும். 9 கிராம் உப்பு உடம்பில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பில் உப்புப் போடுவதற்கு முன் நோயாளியின் பங்கைத் தனியே எடுத்துவிட்டு, அவருடைய டீஸ்பூனிலிருந்து கிள்ளிப் போட்டால் கணக்கு தவறாது. இந்துப்பு நல்லது என்று வாங்குகிறவர்கள் பலர். அதுவும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவது இன்னும் மோசம், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது.

டயாலிசிஸ் நாளை மீட்பது

கிளம்புவதற்கு முன் இரண்டு இட்லியும் ஒரு வெள்ளைக்கருவும் சாப்பிட முடிந்தால் அந்த நாளே மாறிவிடும். முடியாதவர் டிபன் பாக்ஸில் எடுத்துப்போகட்டும். மெஷினில் இருக்கும்போது சாப்பிடலாமா என்பதில் யூனிட்டுக்கு யூனிட் வழக்கம் வேறு. சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் போவதால் சிலருக்கு பிபி இறங்கும். அடிக்கடி பிபி இறங்குகிறவருக்கு அங்கே சாப்பாடு வேண்டாம். மற்றவர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள், சாய்ந்து படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கைப்பிடி அளவு சாப்பிடலாம். சாண்ட்விச், முட்டைப் பொடிமாஸ் வைத்துச் சுருட்டிய தோசை போன்றவை சரி. ஒரு கையால் சாப்பிட வேண்டும், அதனால் குழம்புச் சோறு சரிப்படாது. வீடு திரும்பியதும் படுப்பதற்கு முன் இரண்டு வாய். பசி வந்தபின் சாப்பிடுவோம் என்று காத்திருந்தால் மாலை வந்துவிடும்.

ஒரு வேளைக்கு முழுத் தட்டு போக மறுத்தால் ஆறு வேளையாகப் பிரியுங்கள். வாய்க்கசப்புக்குச் சாப்பிடும் முன் பல் துலக்குவது, இரண்டு சொட்டு எலுமிச்சை, சூடான சாப்பாட்டைவிட ஆறியது, இவை உதவும். இவ்வளவும் செய்து பாதி அளவுக்கு மேல் ஏறாதவருக்கு டப்பாவில் வரும் மாவு தேவைப்படலாம். அதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிறுநீரக நோயாளிக்கான மாவு என்று கேட்டு, டயாலிசிஸுக்கு முந்தைய நிலைக்கான குறைந்த புரத மாவை வாங்கிவந்து மாதக்கணக்கில் கொடுப்பது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கானது என்றும், புரதம் கூடுதல் என்றும் போட்டிருக்க வேண்டும். கலக்கும் தண்ணீரும் அன்றைய கணக்கில் சேரும். அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள். குறைந்தது மூன்று மாதம் கொடுத்தால்தான் பலன் தெரியும்.

ஒரு வாரமோ அதற்கு மேலோ ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே தட்டை நிரப்பாதீர்கள். பட்டினிக்குப் பின் திடீரென்று சாப்பாடு உள்ளே போனால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் சட்டென்று இழுக்கப்பட்டு இதயமே தடுமாறலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கும் இது நடக்கும். மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் பார்த்து, பாதி அளவில் தொடங்கி சில நாட்களில் கூட்ட வேண்டும்.

உள்ளே போகும் புரதம் சதையாக மாற, சதைக்கு வேலை கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாளில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, நாற்காலியில் எழுந்து உட்காருவது எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு முறை. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது. ஃபிஸ்துலா கைக்கு எவ்வளவு பளு என்பதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல் இருக்கும் நாளில் வேண்டாம்.

சாப்பிட வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் மனைவி அல்லது மகள் தலையில் விழுகிறது. "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்பது ஒரு நாளில் முப்பது முறை சொல்லப்படும்போது இருவருக்குமே சாப்பாட்டு நேரம் என்றாலே வெறுப்பாகிவிடுகிறது. தட்டைச் சின்னதாக்குங்கள். உப்பைத் தவிர மற்றதெல்லாம் வீட்டோடு ஒரே சமையலாக இருக்கட்டும், தனியே உட்கார வைக்காதீர்கள். எத்தனை வாய் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, வாரம் ஒரு நாள் நோட்டில் எழுதும்போது மட்டும் பேசுங்கள். எதிலுமே நாட்டமில்லை, தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது பிடிவாதமாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, சிறுநீரக மருத்துவரிடமே அதைச் சொல்லலாம்.

எண்ணை ஏற்றச் சொல்வது

இத்தனை பாடுபட்டுச் சதை ஏறத் தொடங்கியதும் மீண்டும் அந்த மெஷினிடம்தான் வந்து நிற்கிறோம். இளைத்தவரின் ட்ரை வெயிட்டை 55-க்கு இறக்கினார்கள். ஆறு வாரம் நன்றாகச் சாப்பிட்டு அரை கிலோ சதை ஏறியிருக்கிறது. டயாலிசிஸ் மெஷினுக்கு அது தெரியாது. 55 வரைக்கும் இழுக்கும், சதையை இழுக்க முடியாதென்பதால் ரத்தத்திலிருந்து அரை லிட்டரைக் கூடுதலாக இழுக்கும். கடைசி அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கொட்டாவி கொட்டாவியாக வருகிறது, பிபி இறங்குகிறது, வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் வரைக்கும் எழ முடியவில்லை. "தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டீங்க, ஐயா" என்று யூனிட்டில் சொல்வார்கள். அவரும் பயந்துபோய் மறுநாளிலிருந்து சாப்பாட்டைக் குறைப்பார். ஏறிய சதை இங்கேதான் மறுபடி இறங்குகிறது.

அந்த நிலையில் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கைச்சுற்று கூடியிருக்கிறதா, நாற்காலிச் சோதனையில் நொடி குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் இல்லையா, ஒரே தலையணையில் மூச்சு முட்டாமல் தூங்குகிறாரா, வீட்டில் பிபி கட்டுக்குள் இருக்கிறதா. இவை எல்லாவற்றுக்கும் பதில் சாதகமாக இருந்து, டயாலிசிஸின் கடைசியில் மட்டும் பிடிப்பும் மயக்கமும் வருகிறது என்றால், "ட்ரை வெயிட்டைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். உடம்பில் தண்ணீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்று காட்டும் கருவி சில யூனிட்டில் உண்டு, இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தாவலில் இரண்டு கிலோ ஏற்றுவதில்லை. 200 முதல் 500 கிராம் ஏற்றி, இரண்டு மூன்று டயாலிசிஸ் பார்ப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ, காலையில் முகம் உப்பினாலோ அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் சொல்லி இறக்கிக்கொள்ள வேண்டும். சார்ட்டில் 55-ஐ அடித்துவிட்டு 55.5 என்று எழுதும் அன்றே, தேதியோடு உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் டேப்பைச் சுற்றும்போது அந்த எண் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.